ஆறுக்கு அடுத்து பதினொன்று

போன வாரம் அந்த வெள்ளைக் குழாய்க்குள் நாலாவது நிமிடத்தில் ரப்பர் பந்தை அமுக்கி, "போதும், என்னை வெளியே எடுங்க" என்று கத்திவிட்டு வந்த மாஸ்டரம்மா, அதற்குப் பிறகு ஆறு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஏழாம் நாள் காலை ஆறரை மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னப் புத்தகத்தைப் பிரித்தாள். இன்று மறுபடியும் ஸ்கேன். பதினொரு மணிக்கு.

அவளைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஐம்பத்தேழு வயது. துணியை அறுபது அடுக்காக விரித்து, மேலே அளவு வரைந்து, மின்கத்தியை ஓட்டுகிற வேலை. ஒரு நூல் பிசகினால் ஒரு சட்டை இல்லை, அறுபது சட்டை போச்சு. இருபத்தாறு வருஷமாக அவள் கை பிசகியதில்லை. கம்பெனியில் எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவிலும் அவள் மாஸ்டரம்மாதான். கணவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். கட்டிக்கொண்டவனோடு ஒத்துப்போகாமல் மூன்று வருஷத்துக்கு முன்பு அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தவள். மகன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே.

இரண்டு மாதத்துக்கு முன்பு மாஸ்டரம்மாவின் இடது காதில் விசில் சத்தம் ஆரம்பித்தது. அப்புறம் அந்தக் காதில் போனை வைத்தால் மறுமுனையில் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. ஒரு நாள் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தபோது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்தில் இருந்த பெண் தாங்கிப் பிடித்தாள். கத்தியை மட்டும் மாஸ்டரம்மாவே அணைத்துவிட்டாள்.

காது டாக்டர் பரிசோதித்தார். பிறகு பிள்ளைகள் இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த இரண்டு பேரும், "நரம்புல சின்ன வீக்கம்மா, ஒண்ணுமில்லை" என்று ஒரே குரலில் சொன்னார்கள். தனித்தனிக் குரலில் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பாள்.

புத்தகத்தில் முதல் ஆறு பக்கம் காதின் அமைப்பு, கேட்கும் திறனைச் சோதிப்பது எப்படி, யாரைப் பார்க்க வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும் என்று போனது. ஆறாம் பக்கத்தின் கடைசி வரி: "இந்த அறிகுறிகளுக்குக் காரணமாக இருக்கக்கூடியது". அதோடு பக்கம் முடிந்தது. எதிர்ப் பக்கத்துக்கு வந்தாள்.

பக்கம் பதினொன்று. "வீடு திரும்பிய பின்".

இடது மூலையைப் பார்த்தாள். ஆறு. வலது மூலையைப் பார்த்தாள். பதினொன்று.

விரலை மடிப்பில் வைத்துத் தடவினாள். அடுக்கடுக்காகத் துணியைத் தடவியே பிழைப்பை ஓட்டியவள் விரலுக்கு இது ஒரு வேலையா? நடுத்தாள் இல்லை. ஒரே தாள்தான், மடித்தால் நாலு பக்கம். பின்னின் கால்களை யாரோ பொறுமையாக நிமிர்த்தி, தாளை உருவி, பின்னைப் பழையபடி மடக்கி வைத்திருந்தார்கள். கிழிசல் இல்லை. மெக்கானிக் வேலை இவ்வளவு பதவிசாக இருக்காது. ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயோடு பழகின கை இது.

மாஸ்டரம்மா புத்தகத்தை மூடிக் கைப்பையில் போட்டாள். யாரையும் எழுப்பவில்லை. டீ போட்டாள்.

மகன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். அம்மாவின் வலது பக்கமாக வந்து நின்றுகொண்டான். அந்தப் பக்கம்தான் கேட்கும்.

"அம்மா, இன்னிக்கு நீ பயப்படவே வேண்டாம். மயக்கம் குடுத்துடச் சொல்லிப் பேசிட்டேன். நீ தூங்கி முழிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும்."

"யார்கிட்ட பேசினே?"

"ஸ்கேன் ரூம்ல. அப்புறம் டாக்டர்கிட்ட."

"என்கிட்ட பேசலையே தம்பி."

"அதான் இப்ப பேசறேனே."

"இது பேசறதில்லை. முடிஞ்சதைச் சொல்றது."

அவன் டீயை மடமடவென்று குடித்துவிட்டு வண்டிச் சாவியைத் தேடப் போனான். சாவி அவன் கையிலேயே இருந்தது.

*

ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டார்கள். மகன் பெயர் பதிய வரிசையில் நின்றான். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பரீட்சைத்தாள் கட்டோடு வந்திருந்தாள். சிவப்புப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாளே தவிர, ஒரு தாளும் திருத்தவில்லை.

"பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று மாஸ்டரம்மா எழுந்தாள்.

"நானும் வரேன்மா."

"இந்த வயசுல எனக்கு வழி தெரியாதா? உக்காரு."

அவள் போனது மருந்துக் கடைக்குப் பக்கத்தில் இருந்த அறைக்கு. கதவில் "நோயாளிகளுக்கான தகவல்" என்று எழுதியிருந்தது. போன வாரமே கண்ணில் பட்ட இடம்தான். உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் புத்தகங்கள். சிறுநீரகம், முழங்கால், சர்க்கரை, ரத்தக் குழாய் என்று உடம்பையே பிரித்து அலமாரியில் அடுக்கிவைத்த மாதிரி. மேசைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒரு பெண்.

மாஸ்டரம்மா பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். "இதே புத்தகம் இன்னொண்ணு வேணும். முழுசா இருக்கணும்."

அந்தப் பெண் புரட்டிப் பார்த்தாள். மடிப்பைப் பார்த்தாள். மாஸ்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இந்த அறையில் இது முதல் தடவை இல்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"உங்களுக்கா, வீட்ல யாருக்காவதா?"

"எனக்குத்தான்."

"பெரிய எழுத்துலயும் இருக்கு. தரட்டுமா?"

"தாங்க. சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியும். ஆனா இன்னிக்குப் பெரிசாவே இருக்கட்டும்."

அந்தப் பெண் புத்தகத்தோடு ஒரு பேனாவையும் நீட்டினாள். "கடைசிப் பக்கத்துல கோடு போட்டு இடம் விட்டிருக்கோம். கேக்க நினைக்கறதை எழுதிக்குங்க. டாக்டர் முன்னாடி உக்காந்தா பாதி மறந்துடும்."

ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி இருந்தது. மாஸ்டரம்மா நேராக ஏழாம் பக்கத்தைப் பிரித்தாள்.

"செவி நரம்புக் கட்டி" என்று இருந்தது.

கட்டி. அந்த மூன்றெழுத்தைப் பார்த்ததும் காதில் விசில் ஓங்கியது. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. புத்தகத்தை மூடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மூடினால் பிள்ளைகள் செய்ததையே தானும் செய்த மாதிரி ஆகும். விரலை வரிக்குக் கீழே வைத்து, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

"இது புற்றுநோய் அல்ல. உடலின் மற்ற பாகங்களுக்குப் பரவுவதில்லை. பெரும்பாலும் மிக மெதுவாகவே வளரும். பலருக்கு ஆண்டுக்கணக்கில் வளராமலே இருப்பதும் உண்டு."

அந்த நாலு வரியை நாலு தடவை படித்தாள்.

பிறகுதான் கோபம் வந்தது. கெட்ட சேதியை மறைத்திருந்தால்கூட அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். இவர்கள் மறைத்தது நல்ல சேதியை! கட்டி என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து, அதற்குக் கீழே இருந்த அத்தனையையும் சேர்த்து உருவிவிட்டார்கள்.

எட்டாம் பக்கத்தில் சிகிச்சை. அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவது ஒரு வழி. கதிர்வீச்சு இன்னொரு வழி. அறுவை சிகிச்சை மூன்றாவது. ஒவ்வொன்றிலும் என்ன நன்மை, என்ன ஆபத்து, முகத்தின் தசை தளர்வது, கேட்கும் திறன் குறைவது எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் இருந்தது. "எது உங்களுக்குப் பொருத்தம் என்பதை மருத்துவரும் நீங்களும் சேர்ந்து முடிவு செய்வீர்கள்" என்று முடிந்தது. நீங்களும் என்ற சொல்லுக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு போட்டாள்.

ஒன்பதாம் பக்கம் ஸ்கேனைப் பற்றி. "முப்பது முதல் நாற்பது நிமிடம் ஆகும். சம்மட்டியால் அடிப்பது போலவும் சங்கு ஊதுவது போலவும் சத்தம் கேட்கும். இடையிடையே சத்தம் நிற்கும். இயந்திரம் பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்."

மாஸ்டரம்மா வாய்விட்டு, "அடப்பாவிங்களா" என்றாள்.

போன வாரம் நடந்தது அதுதான். தடதடவென்று அடித்துக்கொண்டிருந்த மிஷின் சட்டென்று நின்றது. மிஷினோடு பழகியவளுக்கு நின்ற மிஷின் என்றால் ஒரே அர்த்தம்தான். ஏதோ உடைந்துபோய்விட்டது, நான் உள்ளே மாட்டிக்கொண்டேன். அதனால்தான் பந்தை அமுக்கினாள். கோழைத்தனத்தால் இல்லை. ஆறு நாளாகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாளே, அதற்குத் தேவையே இல்லை. நாலு பக்கம் ஒரே தாள். ஏழையும் எட்டையும் உருவினால் ஒன்பதும் பத்தும் கூடவே போகத்தானே செய்யும்.

பத்தாம் பக்கத்தைப் படித்தபோது அவள் வலது கை ஆள்காட்டி விரலை உயர்த்திப் பார்த்துக்கொண்டாள்.

*

ஸ்கேன் அறை வாசலில் நீல உடுப்புப் பெண் படிவத்தோடு வந்தாள். போன வாரம் பந்துச் சத்தம் கேட்டு ஓடிவந்து வெளியே இழுத்தவள் இவள்தான்.

"எல்லாம் நிரப்பியாச்சு, அம்மா கையெழுத்து மட்டும் போட்டா போதும்" என்று மகன் முந்திக்கொண்டான்.

மாஸ்டரம்மா படிவத்தை வாங்கினாள். இதயக் கருவி உண்டா? இல்லை. அறுவை சிகிச்சை நடந்ததுண்டா? இல்லை. உடம்பில் உலோகத் துண்டு? இல்லை. மேலிருந்து கீழே வரை இல்லை, இல்லை, இல்லை. லிஃப்ட் பட்டனை அமுக்குகிற வேகத்தில் போட்ட டிக்குகள்.

"இது தப்பு" என்றாள். உலோகத் துண்டு என்ற வரியில் விரலை வைத்தாள். "பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி வீட்ல தையல் மிஷின் ஊசி இந்த விரல்ல ஏறி உடைஞ்சுது. எடுத்தாங்க. முழுசா வந்துதான்னு யாருக்கும் தெரியாது."

மகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அம்மா! எந்தக் காலத்துக் கதை இது! போன வாரம் உள்ளே போனியே, ஒண்ணும் ஆகலையே?"

"போன வாரம் எனக்குத் தெரியாது. இப்ப தெரியும். எவ்வளவு பழசானாலும் சொல்லணும்னு போட்டிருக்கு."

"எங்க போட்டிருக்கு?"

"பத்தாம் பக்கத்துல."

டீச்சரின் கையிலிருந்த சிவப்புப் பேனா கீழே விழுந்தது.

நீல உடுப்புப் பெண் படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "நல்லவேளை சொன்னீங்கம்மா. பெரிய காந்தம் அது. விரலை முதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம். சுத்தமா இருந்தா உடனே போயிடலாம். ஒரு மணி நேரம் தாமதமாகும், பரவாயில்லையா?"

"ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. இன்னொண்ணு, எனக்கு மயக்கம் வேண்டாம்."

"உங்க பையன் கேட்டிருந்தாரே?"

"அவனுக்கு வேணும்னா குடுங்க."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தபோது, மாஸ்டரம்மா இரண்டு புத்தகத்தையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று தடிமன். ஒன்று கொஞ்சம் மெலிசு.

"உருவினது யாருன்னு நான் கேக்கப் போறதில்லை. கை வேலையைப் பாத்தாலே தெரியுது. ஏன்னு மட்டும் சொல்லுங்க."

டீச்சர் தரையைப் பார்த்தாள். மகன்தான் வாயைத் திறந்தான்.

"நான்தான் சொன்னேன், அக்கா செஞ்சா. அப்பா கதை தெரியாதா உனக்கு? டாக்டர் நோயோட பேரைச் சொன்ன அன்னிக்கே அப்பா பாதி செத்துட்டாரு. நீயும் அப்படி..." அவனால் முடிக்க முடியவில்லை.

மாஸ்டரம்மாவுக்கு ஒரு நொடி மனசு இளகியது. ஆனால் விடவில்லை.

"அப்பா பயந்தாரு. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அவரை அப்ப யாரும் ஏமாத்தலை. என்னை ஏமாத்தினீங்க. போன வாரம் அந்தக் குழாய்க்குள்ள நான் தனியா கிடந்தேன் தம்பி. மிஷின் நின்னப்போ செத்தேன்னு நினைச்சேன். நிக்கும், பயப்படாதேன்னு ஒன்பதாம் பக்கத்துல எழுதியிருக்கு. அதை யாரு உருவினது?"

மகனுக்கு முகம் வெளிறிவிட்டது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவன் தொழில். கதவைத் திறப்பதற்கு முன்னால், வெளியே நின்று குரல் கொடுத்து, என்ன நடந்தது, இன்னும் எவ்வளவு நேரம் என்று சொன்ன பிறகுதான் கருவியையே கையில் எடுப்பான். அது அவன் முதல் நாள் கற்ற பாடம். தன் அம்மாவுக்கு மட்டும் அதைச் செய்யவில்லை.

"தப்புதாம்மா" என்றான்.

"சரி. அழாதே. எல்லாரும் பாக்கறாங்க."

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஊசி முழுதாகவே வந்திருக்கிறது. பத்தொன்பது வருஷமாக மழை நாளில் வலிக்கிறது என்று அந்த விரலைக் குறை சொன்னதெல்லாம் வீண்பழி.

*

இந்த முறை அவள் கேட்டுக்கொண்டாள். கண்ணுக்கு மேலே முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்தினால் கால் பக்கம் தெரியுமாமே, பொருத்துங்க. சத்தம் நிற்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்க. நீல உடுப்புப் பெண் இரண்டுக்கும் சரி என்றாள்.

முகத்துக்கு மேலே கூடு வந்து மூடியது. படுக்கை உள்ளே நகர்ந்தது. ரப்பர் பந்து உள்ளங்கையில் கனத்தது. மாஸ்டரம்மா கண்ணை மூடினாள்.

முப்பத்தைந்து நிமிடம். மனசுக்குள் துணியை விரித்தாள். வெள்ளைத் துணி, நெருக்கமான நெசவு, நாற்பது அடுக்கு. முன்பக்கம் இடது. முன்பக்கம் வலது. சம்மட்டி அடித்தது, அவள் முதுகுத் துண்டுக்குப் போனாள். சங்கு ஊதியது, தோள்பட்டைத் துண்டு இரண்டு. கை வளைவில் கத்தியைத் திருப்பும்போது எப்போதும் செய்வதுபோல் மூச்சைப் பிடித்தாள்.

மிஷின் நின்றது.

கை தானாக இறுகியது. அமுக்கிவிடுவாளோ என்று அவளுக்கே பயம் வந்தது. விரலை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

"பாதி முடிஞ்சுதும்மா. நல்லா இருக்கீங்களா?" என்று குரல் வந்தது.

"இருக்கேன். காலர் மட்டும்தான் பாக்கி."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை. நீங்க நடத்துங்க."

கையில் ஊசி வழியாக மருந்து ஏறியது. தண்ணீர் ஓடுவதுபோல் நரம்பில் ஜில்லென்றது. அதுவும் எழுதியிருந்ததுதான். இரண்டாவது சட்டைக்குத் துணி விரிப்பதற்குள் படுக்கை வெளியே வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தபோது முதுகெல்லாம் வியர்வை. ஆனால் பந்து அமுங்கவில்லை.

*

மூன்று மணிக்கு டாக்டர் அறை. மகன் நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு வலது பக்கம் போட்டான்.

"டாக்டர், என் பிள்ளைங்க உங்ககிட்ட ஏதோ சொல்லி வெச்சிருக்காங்க. அதைத் தள்ளி வைங்க. இது என் தலை, என் காது. என்கிட்ட சொல்லுங்க."

டாக்டர் ஒரு கணம் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

"நான் உங்களைத்தான் முதல்ல கேட்டிருக்கணும்" என்றார். கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு தலை. உள்காதுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. "இதுதான். செவி நரம்புக் கட்டி. எட்டு மில்லிமீட்டர்."

"சட்டைப் பட்டனைவிடச் சின்னது."

"ஆமா."

"எடுத்துடுங்க டாக்டர்" என்றான் மகன். "நாளைக்கே வேணும்னாலும்..."

"தம்பி, வெட்டறது என் தொழில். கத்தி இருக்குங்கறதுக்காக வெட்டக் கூடாது. நீ கொஞ்சம் சும்மா இரு." மாஸ்டரம்மா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். கோடு போட்ட இடத்தில் ஐந்து கேள்வி. "எடுத்தா என்ன ஆகும்? எடுக்காம விட்டா என்ன ஆகும்?"

டாக்டர் நிதானமாகச் சொன்னார். இந்த அளவுக்கு உடனே கத்தி வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன். வளர்ந்தால் கதிர்வீச்சா அறுவையா என்று பேசலாம். வளராவிட்டால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். போன கேட்கும் திறன் திரும்பாது. இன்னும் கொஞ்சம் குறையவும் கூடும்.

"இத்தனை வருஷமா சொல்றதை எல்லாம் இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுட்டு இருந்தேன். இனிமே வாங்கின காதுலயேதான் விடணும்" என்றாள் மாஸ்டரம்மா.

டாக்டர் சிரித்துவிட்டார். அவள் நாலாவது கேள்வியைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

"நான் எப்ப கத்தியைத் தொடலாம்?"

"இப்ப தொடக் கூடாது. உடம்போட சமநிலைக்குன்னு பயிற்சி இருக்கு. ஆறு வாரம் செய்யணும். பயிற்சியாளர் சோதிச்சுப் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் அந்த மிஷின் பக்கத்துல நிக்கணும். சொல்லலைன்னா..."

"நிக்க முடியாது."

"ஆமாம்மா."

கட்டி என்ற சொல் கொடுக்காத வலியை இந்த வார்த்தை கொடுத்தது. இருபத்தாறு வருஷத்தில் அவள் இடத்தில் வேறு ஒருத்தர் நின்றதில்லை. "ஆறு வாரம்" என்று கேள்விக்குப் பக்கத்தில் எழுதினாள். "அளவு வரையறது செய்யலாமா? உக்காந்துட்டு?"

"தாராளமா."

"அப்ப ஆறு மாசம் பாக்கலாம். வெட்ட வேண்டாம். பயிற்சி நாளைக்கே ஆரம்பிக்கறேன். எந்த ரூம்?"

*

மகன் வண்டியை எடுக்கப் போனான். அம்மாவும் மகளும் வாசல் பக்கம் மெதுவாக நடந்தார்கள். டீச்சர் பரீட்சைத்தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்னை மன்னிச்சுடு. தம்பி சொன்னான்னாலும் நான் செஞ்சிருக்கக் கூடாது."

"சரி விடு. ஆனா பாப்பா, அவன் பயத்துல செஞ்சான், எனக்குப் புரியுது. நீ படிச்சவ. பிள்ளைங்களுக்கு ஆசிட் பாட்டிலைக் குடுத்து, லேபிளைப் படிங்கடான்னு சொல்றவ. உனக்கு எப்படித் தோணுச்சு?"

டீச்சர் நடந்துகொண்டே சொன்னாள்.

"படிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்மா. முதல் தடவை படிக்கும்போது ஒண்ணும் ஆகாது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவறப்போ ஒரு வரி ஞாபகம் வரும். வகுப்புல கரும்பலகைல எழுதறப்போ இன்னொரு வரி வரும். பெரும்பாலும் பயமில்லைன்னு போட்டிருக்கும். அந்தப் பெரும்பாலும்ல நாம இருக்கோமா இல்லையான்னே மனசு சுத்திச் சுத்தி வரும். உனக்கு அது வேண்டாம்னு..."

மாஸ்டரம்மா நின்றுவிட்டாள்.

"என் புத்தகத்தைப் படிச்சு உனக்கு இது வந்ததா?"

டீச்சர் மறுபடி நடக்கப் பார்த்தாள்.

"பாப்பா. என் நல்ல காது இந்தப் பக்கம்தான் இருக்கு. எந்தப் புத்தகம்?"

"மார்புல ஒரு கட்டி மாதிரி இருக்கும்மா. குளிக்கறப்போ கைல பட்டுது. இங்கதான் வந்து காட்டினேன். ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்தாங்க."

"எப்போ?"

"மூணு வாரத்துக்கு முன்னாடி. அதே வாரம்தான் உனக்குத் தலை சுத்திச்சு. உன்னுது முடியட்டும்னு..."

"ஸ்கேனுக்குப் போனியா?"

டீச்சர் இல்லை என்று தலையசைத்தாள்.

மாஸ்டரம்மாவுக்குத் திட்டவா, கட்டிக்கொண்டு அழவா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யவில்லை. மகளின் கையிலிருந்த பரீட்சைத்தாள் கட்டை வாங்கித் தன் பையில் திணித்தாள். வாசலில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"தம்பி!" என்று கூப்பிட்டாள். "வண்டியை ஓரமா நிறுத்திட்டு உள்ளே வா. அக்காவுக்கு ஒரு வேலை இருக்கு."

"அம்மா, அவனுக்கு வேண்டாம். நாலு மணி ஆச்சு. நாளைக்கு வரலாமே..."

"நாளைக்கு எனக்குப் பயிற்சி இருக்கு. இன்னிக்கு உனக்கு." மகளின் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த பிடி விடுகிற பிடியாக இல்லை. தாழ்வாரத்தின் கோடியில் லேசாகத் தள்ளாடினாள். மகள் சட்டென்று தோளைத் தாங்கினாள். யார் யாரை அழைத்துப் போகிறார்கள் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பெண்கள் பிரிவின் ஜன்னலில் இருந்தவர் பதிவேட்டை மூடப் போனவர், மூச்சு வாங்க வந்து நின்ற இரண்டு பேரையும், பின்னாலேயே ஓடிவந்த ஆளையும் பார்த்தார். மாஸ்டரம்மாவின் மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை இருந்தது. கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"நோயாளி நீங்கதானேம்மா?"

மாஸ்டரம்மா மகளின் முழங்கையை விட்டாள். அரை அடி பின்னால் தள்ளி நின்றாள்.

டீச்சர் ஜன்னலுக்கு அருகே போனாள்.

"நான்தான்" என்றாள்.